ஒட்டாமல் கட்டியவை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்ச் மாதத்து மதிய வேளையில், எங்கள் வீட்டு யன்னலில் தொங்கிக்கொண்டிருந்த போத்தல் ஒன்று யாரும் தொடாமலே நிலத்தில் விழுந்து உடைந்தது. அது ஒரு பழச்சாற்றுப் போத்தல். கழுவிக் காயவைத்து, சணல் நூலை அடியிலிருந்து கழுத்துவரை வரிவரியாகச் சுற்றி, குளூ கன் கொண்டு ஒட்டி, மிஞ்சிய நூலை வளையமாக்கி அதையும் கழுத்தோடு ஒட்டி, உள்ளே மணிப்பிளான்ட் கொடி ஒன்றை நட்டு வைத்திருந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் அழகாயிருக்கிறது என்றார்கள். மூன்று மாதம் நின்றது. விழுந்தபோது அதற்கு நேர் கீழேயிருந்த கதிரையில் இருந்து அம்மம்மா அப்போதுதான் எழுந்து குசினிக்குப் போயிருந்தார். கண்ணாடித் துண்டுகளை நான் பொறுக்கிக்கொண்டிருக்க, அவர் திரும்பி வந்து, கையில் அந்த நூல் உறையை எடுத்துப் பார்த்தார். உறை சற்றும் குலையாமல், போத்தலின் வடிவத்திலேயே, உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்தது. "பிள்ளை, உதுக்கு ஒரு முடிச்சுப் போட்டிருந்தால் விழுந்திருக்குமே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் குசினிகளில் அவர் பழகிய உறி, பானை இருத்தும் திருகணை, ஓலைப் பெட்டி, கடகம், சுளகு ஆகிய எதிலும் ஒரு சொட்டுப் பசை கிடையாது. எல்லாம் முடைந்தவை, கட்டியவை, நாரால் ஓரம் பொத்தியவை. வீட்டில் கிடக்கும் பொருட்களைக் கொண்டு அலங்காரப் பொருள் செய்வதென்று நான் தொடங்கிய நாளிலிருந்து முதலில் கையிலெடுத்ததோ பசைதான். அன்றைக்குப் பிறகு எதைச் செய்தாலும் ஒட்டாமல் செய்ய முடியுமா என்று முதலில் பார்ப்பதை ஒரு நியமமாக வைத்துக்கொண்டேன். இந்தக் கட்டுரை அந்த நியமத்தைப் பற்றியது.

எங்கள் தொடர்மாடி வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிறது. யன்னல் மேற்கே பார்த்தது. கொழும்பின் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம் உண்டு. எங்கள் பக்கத்தில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்ந்து வரும். சணல், தும்பு, பருத்தி போன்ற நார்கள் ஈரக் காற்றில் பருத்து, வெயிலில் சுருங்குகின்றன; நாளொன்றுக்குள்ளேயே இது நடக்கும். கண்ணாடியோ அசையாது. இரண்டுக்கும் நடுவே நிற்கும், குளூ கன்னிலிருந்து வரும் சூட்டுப்பசை, உருக்கி ஊற்றி ஆறவைத்த ஒருவகைப் பிளாஸ்டிக்தான். மாலை வெயில் நேரே அடிக்கும் யன்னலோரத்தில் அது இளகத் தொடங்கிவிடும். வழுவழுப்பான கண்ணாடியில் அதற்குப் பிடிமானமும் குறைவு. மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசை சூட்டைச் சற்றுத் தாங்கும், ஆனால் ஈரத்தில் மெல்ல மெல்லத் தளரும். ஆகவே போத்தல் விழுந்ததில் வியப்பேதும் இல்லை. குளிர்ந்த, வறண்ட நாடுகளின் வீடுகளுக்குப் பொருந்தும் செய்முறையை நான் கடலோர வீட்டில் அப்படியே செய்து பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு என்னைத் திருப்பியது 2017ஆம் ஆண்டு. அந்த ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கொழும்பு நகரம் அன்றாடம் கட்டி வெளியே வைத்த பைகள்தான் அங்கே மலையாகியிருந்தன. எங்கள் வீட்டுப் பைகளும் அதில் இருந்திருக்கும். செப்டெம்பர் 1ஆம் திகதி முதல், சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட்டும், நுரைப் பிளாஸ்டிக்கால் ஆன ரெஜிபோம் பெட்டிகளும் தடைசெய்யப்பட்டன. அதே ஆண்டில்தான் நாடு முழுவதும் 186,000 இற்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. குப்பைக் கூடையை ஒவ்வொரு நாளும் திறந்து, எது போகிறது, எது போகத் தேவையில்லை என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அந்த மாதங்களில் வந்தது. எங்கள் கூடையில் ஒவ்வொரு நாளும் தவறாமல் இருந்தது சிரட்டை.

சிரட்டையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தேங்காய் திருவி முடிந்த பாதிச் சிரட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே தும்பு ஒட்டிக்கொண்டிருக்கும், உள்ளே பழுப்புத் தோல் மிஞ்சியிருக்கும். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தால் உட்தோல் கரண்டி நுனிக்கே கழன்றுவிடும். வெளித் தும்பை எடுக்க நான் உடைந்த இரும்பரிவாள் அலகொன்றைப் பயன்படுத்துகிறேன். அதைச் சரித்துப் பிடித்து, கண்ணிருக்கும் முனையிலிருந்து விளிம்பை நோக்கி இழுத்தால் தும்பு சுருள் சுருளாக வரும். அதன்பின் சாண்ட் பேப்பர், எண் கூடக் கூட நைசானது: முதலில் 80, பிறகு 150, 240, கடைசியில் 400. இடையில் ஒன்றைத் தாண்டிப் போனால் முன்னைய கீறல்கள் கடைசிவரை போகா. 240ஐத் தாண்டும்போது சிரட்டையின் நிறம் மாறத் தொடங்கும். சாம்பல் படிந்ததுபோல் இருந்த ஓடு கறுப்பும் கடும் பழுப்புமாகி, மரத்தில் காணும் ரேகையைப் போன்ற வெளிறிய கோடுகள் அதில் தெரியவரும். ஒரு சிரட்டையின் கோடு இன்னொன்றில் இராது. ஒரு சிரட்டைக்கு எனக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். தூள் மிக நுண்ணியது. மூக்கை மூடிக்கொண்டு, வாசற்படியில் இருந்து செய்வது நல்லது.

மினுக்கியபின் பலரும் தேங்காயெண்ணெய் பூசச் சொல்வார்கள். நானும் பூசினேன். சில கிழமைகளில் பிசுக்குப் பிடித்து, தூசி படிந்து, மக்கிய எண்ணெயின் மணம் வந்தது. தேங்காயெண்ணெய் காய்கின்ற எண்ணெய் அல்ல; எத்தனை நாள் வைத்தாலும் எண்ணெயாகவேதான் இருக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகி மெல்லிய தோலாகிவிடும். இதை இரும்புக் கடைகளில் லின்சீட் ஒயில் என்று கேட்க வேண்டும். துணியில் சில துளி எடுத்துத் தேய்த்து, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு, இரண்டு நாள் காயவிட்டு மறுபடி ஒருமுறை செய்தால் போதும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: அந்த எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் கூடையில் போடாதீர்கள். இறுகும்போது அது வெப்பத்தை வெளிவிடும். கசங்கிக் கிடக்கும் துணி தானே தீப்பற்றக்கூடும். விரித்துக் கொடியில் காயப்போட்டபின்தான் எறிய வேண்டும்.

அடுத்தது தண்ணீர். மழை நீர் தேங்கிய சிரட்டை டெங்கு நுளம்புக்குத் தொட்டில் என்பதை எங்கள் ஊரில் பாடசாலைப் பிள்ளையும் அறியும்; பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் தேடுவதும் அதைத்தான். ஒரு கிழமைக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் முட்டை நுளம்பாகிவிடும். ஆகவே சிரட்டையில் செடி வைப்பவர் வடிகால் இல்லாமல் வைக்கவே கூடாது. இதற்கு வழியைத் தேங்காயே வைத்திருக்கிறது. மூன்று கண்களில் ஒன்று மெல்லியது. முளை வெளிவருகின்ற கண் அதுதான். துளைகருவி தேவையில்லை, ஒரு பெரிய ஆணியைச் சுழற்றிக் குத்தினால் திறந்துவிடும். கண்ணுள்ள பாதியைச் செடிக்கும், கண்ணில்லாத பாதியைச் சாவி, நாணயம், ஊசிநூல் போன்றவற்றை இட்டு வைப்பதற்கும் என்று நான் பிரித்துக்கொள்கிறேன்.

தொங்கவிடுவதற்கு விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் கீழே மூன்று துளைகள் வேண்டும். இடைவெளி சமமாக இருக்க, நூலொன்றை விளிம்பைச் சுற்றி வைத்து, வெட்டி, மூன்றாக மடித்து, மடிப்புகள் விழும் இடத்தில் பென்சிலால் புள்ளியிட்டால் சரியாக வரும். கயிறு வாங்கப் புறக்கோட்டைக்குப் போனேன். பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் கடைகளுக்கு நடுவே கயிறு விற்கும் கடையொன்றில், வெள்ளையாகவும் வழுவழுப்பாகவும் இருந்த நைலோன் கயிற்றை நான் எடுக்க, கடைக்கார நானா, "என்னத்துக்கு மகள்?" என்று கேட்டார். சொன்னேன். "வெயில்ல கட்டுறதுக்கா? அது வாணாம். முடிச்சும் நிக்காது, வழுக்கும். தும்புக்கயிறு கொண்டு போங்க" என்று, அதைவிட விலை குறைந்த கயிற்றை எடுத்துத் தந்தார். தும்பில் லிக்னின் என்னும் மரப்பொருள் அதிகம் என்பதால் ஏனைய நார்களைவிட மெதுவாகவே அது உக்கும். உப்புக் காற்றையும் தாங்கும். சொரசொரப்பாக இருப்பதனாலேயே முடிச்சு இறுகிப் பிடிக்கும். துளைக்கு வெளியிலிருந்து கயிற்றை உள்ளே விட்டு, உட்புறத்தில் ஒரு குமிழ் முடிச்சு, மூன்று கயிறும் மேலே சேருமிடத்தில் ஓர் உறி முடிச்சு. இந்த இரண்டாவது முடிச்சை அம்மம்மாதான் பழக்கினார். மூன்று இழைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, கடைசி இழையை முதல் இழையின் கண்ணுக்குள் செலுத்தி, மூன்றையும் ஒன்றாக இழுக்க வேண்டும். பாரம் ஏற ஏற இறுகும். பாரத்தை எடுத்தால் விரலால் அவிழ்க்கலாம்.

சிரட்டைக்கு அடுத்ததாக என் கைக்கு நன்றாக வந்தது சாறி. அம்மாவின் நூல்சாறி ஒன்று, தலைப்புக் கிழிந்து, மடிப்பு விழும் இடங்களில் நைந்து, அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தது. அதை எறிய அவருக்கு மனமில்லை, உடுக்கவும் இயலாது. அதைக் கிழித்து, பின்னி, கால்விரிப்பாக்கலாமா என்று கேட்டபோது, "கிழிக்கிறதை நான் பார்க்கமாட்டன்" என்று எழுந்து போய்விட்டார். நூல்சாறியைக் கத்தரிக்கோலால் நீளத்துக்கு வெட்டத் தேவையில்லை; ஓரத்தில் ஒரு சிறு வெட்டுப் போட்டு இழுத்தால், நெசவின் இழையோடு நேராகக் கிழிந்து வரும். நான்கு சென்ரிமீற்றர் அகலமுள்ள பட்டிகளாகக் கிழித்தேன். ஐந்தரை மீற்றர் நீளச் சாறியில், நைந்த இடங்கள் போக, 24 பட்டிகள் கிடைத்தன. மும்மூன்றாகப் பின்னினால் எட்டுப் பின்னல்கள். பின்னும்போது நீளம் குறைவதால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு மீற்றர் வந்தது. பட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கவும் முடிச்சு வேண்டாம்: இரண்டின் நுனியிலும் பொத்தான் துளையளவு கீறி, ஒன்றை மற்றதன்மேல் வைத்து, புதிய பட்டியின் மறு நுனியை இரு துளைகளுக்கும் ஊடாக அடியிலிருந்து இழுத்தால் தட்டையாகப் பிணைந்துவிடும். முடிச்சென்றால் காலில் குத்தும்.

பின்னலை வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தைப்பதில்தான் நான் முதலில் தவறினேன். மடியில் வைத்துத் தைத்தேன். இறுக்கமாகத் தைத்தால் உறுதியாக இருக்கும் என்று நினைத்தேன். ஆறாவது சுற்றில் ஓரம் மேலே எழும்பத் தொடங்கியது. பத்தாவது சுற்றில் விரிப்பு கிண்ணமாகிவிட்டது. காரணம் கணக்கில் இருக்கிறது. ஒன்றரை சென்ரிமீற்றர் அகலமான பின்னலைத் தட்டையாகச் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றும் அதற்கு முந்திய சுற்றைவிட ஏறக்குறைய ஒன்பதரை சென்ரிமீற்றர் நீளமாக இருந்தாக வேண்டும். அது எத்தனையாவது சுற்றாக இருந்தாலும் இதே அளவுதான். அந்த நீளத்தைக் கொடுக்காமல் இழுத்துத் தைத்தால் ஓரம் எழும்பாமல் என்ன செய்யும்? மேசையில் தட்டையாக வைத்து, வெளிப்பின்னலைச் சற்றுத் தளர்த்தி, இடையிடையே அதன் ஒரு கண்ணைத் தாண்டி ஊசி விட வேண்டும். தையலைப் பிரித்து மறுபடி தைக்க மூன்று மாலைகள் பிடித்தன. பசையால் ஒட்டியிருந்தால் பிரித்திருக்க முடியாது. கடைசி இரண்டு சுற்றுகளுக்கு மட்டும், மருதமுனைக் கைத்தறிச் சாரமொன்றின் பட்டிகளைச் சேர்த்தேன். அதன் நெசவு நெருக்கமானது, ஆகவே மிதிபடும் ஓரத்தைக் காக்கும் என்று எண்ணினேன். விரிப்பு 80 சென்ரிமீற்றர் விட்டத்துக்குச் சற்று மேலே வந்தது. நடுவில் சாறியின் உடல் நிறமான மாம்பச்சையும், இடையிடையே கரையின் அரக்கும். அம்மா அதன்மேல் கால் வைக்காமல் சுற்றிப் போவதை ஒரு மாதம் பார்த்தேன். இப்போது காலையில் அதன்மேல் நின்றுதான் கொண்டை போடுகிறார்.

பேணிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பால்மாப் பேணிக்குப் பெயின்ட் அடித்துப் பூச்சாடியாக்குவது எல்லோரும் செய்வது. கடலோரத்தில் சில மாதங்களில் அடி துருப்பிடித்து, வெள்ளைத் தரையில் வட்ட வட்டமாகக் கறை விடும். நான் பெயின்ட் அடிப்பதை நிறுத்திவிட்டு, மிஞ்சிய துணியில் சுருக்குப்பை போல ஓர் உறை தைத்து, நாடாவால் கட்டிவிடுகிறேன். பேணி துருப்பிடித்தால் வேறு பேணி, உறையைக் கழுவலாம். போத்தல்களின் மேலுள்ள ஒட்டுத்தாளை சோடா கரைத்த சுடுநீரில் ஊறவைத்து உரித்து, மிஞ்சும் பிசினைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். சிரட்டைக்கு உதவாத எண்ணெய் இதற்கு மிகவும் உதவும்.

போத்தலில் கவனிக்க வேண்டியது அதன் உருவம். 2022ஆம் ஆண்டு மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்களில், கழுத்து நீண்ட அழகிய போத்தல்களை நான் விளக்காக்கவில்லை. குட்டையான, அடி பாரமான மார்மைட் போத்தலில் முக்காற்பங்கு தண்ணீர், மேலே ஒரு விரலளவு தேங்காயெண்ணெய், தக்கைத் துண்டில் குத்திய திரி என்று வைத்தேன். எண்ணெய் தீர்ந்து திரி தண்ணீரைத் தொட்டதும் அது தானே அணைந்துவிடும். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்குகள் சரிந்து எரிகாயப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்தே, குட்டையானதும் பாரமானதும், இரண்டு பக்கம் தட்டையானதும், திருகு மூடி கொண்டதுமான பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். விழுந்தாலும் உருளாது, எண்ணெயும் சிந்தாது. அந்த வடிவத்தில் இருக்கும் அக்கறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

கடைசியாக ஒரு பழைய யன்னல் கதவு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகள் இடிபட்டுத் தொடர்மாடிகள் எழும்போது, கதவும் நிலையும் யன்னலும் பழைய சாமான் கடைகளுக்குப் போய்ச் சேருகின்றன. முதிரையும் தேக்கும் பலாவும் அங்கே மழையில் சாய்ந்து கிடக்கும். சாய்ந்த பலகைச் சட்டங்கள் கொண்ட ஒற்றைக் கதவொன்றை வாங்கி வந்தேன். வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெயின்டிலுள்ள ஈயத்துக்கு இந்நாட்டில் சட்ட எல்லை நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முன்னைய பெயின்டை உலர்ந்த நிலையில் சுரண்டித் தூளாக்கினால், அந்தத் தூள் சிறுபிள்ளைகளுக்குப் பெருங்கேடு. நான் சுரண்டவில்லை, ஈரத் துணியால் துடைத்து, பொருக்குவிட்ட இடங்களை ஈரமாக்கியே எடுத்து, மேலே வார்னிஷ் பூசி மூடினேன். சுவரில் இரண்டு கொக்கியில் மாட்டியிருக்கிறது. சட்டங்களின் இடுக்குகளில் கடிதங்களும் கல்யாண அழைப்புகளும் நிற்கின்றன.

கழற்றி எடுத்தவற்றை மறுபடி வைத்துக் கட்டுவதில் கொழும்புக்குப் பெரிய முன்னோடி இருக்கிறார். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, பகதல வீதியோடு சேரும் 33ஆம் ஒழுங்கையில் நான்கு சிறு வீடுகளை ஒன்றாக்கித் தம் வீட்டை அமைத்தார். செட்டிநாட்டு வீடுகளின் பழைய தூண்களை அங்கே காணலாம். கைவினைக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் அல்பிரட் பிளேசில் அவர் கட்டிய வீடு, பிற்காலத்தில் கல் கல்லாகக் கழற்றப்பட்டு, பெந்தோட்டைக்கருகே பாவாவின் தோட்டமான லுனுகங்கையில் மறுபடி எழுப்பப்பட்டது. ஒரு முழு வீட்டைக் கழற்றி, எண்ணிட்டு, கொண்டுபோய், மறுபடி பூட்ட முடிந்திருக்கிறது என்பதை நினைத்தால், என் யன்னல் கதவை ஆணியடிக்காமல் கொக்கியில் மாட்டியது சரியென்றே தோன்றுகிறது. வாடகை வீடு வேறு. போகும்போது அதுவும் எங்களோடு வரும்.

அம்மம்மாவின் கடகம் ஒன்று இன்னும் எங்களிடம் இருக்கிறது. வாயின் ஓரத்தில் பொத்தியிருந்த நார் ஒரு சாண் நீளத்துக்கு அற்றுப்போயிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து சின்னம்மா ஒரு பிடி பனைநாரை பத்திரிகைத் தாளில் சுற்றி அனுப்பியிருந்தார். அதைத் தண்ணீரில் நனைத்து, ஈரம் காயுமுன் பொத்த வேண்டும், காய்ந்தால் ஒடியும். போன கிழமை அம்மம்மாவின் கண் பார்க்க, என் கை பொத்தியது. புதிய நார் வெளிறியும், பழைய ஓலை தேன் நிறத்திலும் இருக்கின்றன. நிறம் ஒத்துப்போக ஏதாவது பூசலாமா என்று கேட்டேன். "வேண்டாம், அது கிடக்கட்டும்" என்றார். நேற்று அதற்குள் வெங்காயத்தைக் கொட்டி, குசினி மூலையில் வைத்திருக்கிறேன்.